பழைய குதிரைக்குப் புதிய லாடம்

ஊரைவிட்டு வந்து பம்பாய் மாநகரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஊரை நினைவூட்டும் பொருள் ஒன்றேனும் இருப்பது வழக்கம். சிலர் வீட்டில் பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு. சிலர் வீட்டில் தாத்தா அமர்ந்த சாய்வு நாற்காலி. நம் இல்லத்திலோ அது வாயிலில் நிற்கும் ஒரு கார். இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வாகனத்தை நம் கையாலேயே திருத்தியமைக்க முற்பட்டு, முதலில் வழிதவறி, பின்னர் வழி கண்ட வரலாற்றை இங்கே எழுதுகின்றோம். தம் இல்லத்திலும் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, அதனைப் பழைய இரும்புக்குப் போடுவதா, புதுப்பிப்பதா என்று எண்ணமிடும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டென அறிவோம். அவர்களுக்கும், அவர்கள் வீட்டு இளைஞர்களுக்கும் இது பயன்படுமாயின் நம் மனம் நிறையும்.

நம் தந்தையார் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவர். முப்பத்தைந்தாண்டுகள் இந்நகரில் உழைத்து ஓய்வு பெற்றபோது, கையில் வந்த தொகையில் ஒரு பங்கைக் கொண்டு 2001-ஆம் ஆண்டில் ஃபோர்டு ஐக்கான் கார் ஒன்றை வாங்கினார். அதைவிட விலை குறைந்த கார்கள் இருந்தன. உறவினர் பலரும் அவற்றையே பரிந்துரைத்தனர். தந்தையார் ஒரே விடை கூறினார்: "இது மறைமலை நகரில் செய்தது. நான் பிறந்த ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். நம் பக்கத்துப் பிள்ளைகள் திருகிய திருகாணி இதில் இருக்கிறது." அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கார் இந்தியச் சாலைகளுக்கு 1999-இல் வந்தது. நம் வீட்டிலிருப்பது 1.6 லிட்டர் எஞ்சின் உடையது. ஏறத்தாழ 92 குதிரைத்திறன் தரும் அந்த எஞ்சினை, அதிக எடையில்லாத ஒரு சிறு காரில் பொருத்தியிருந்தமையால், அந்நாளில் நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய வண்டிகளுள் விரைவுக்குப் பெயர் பெற்றதாக அது விளங்கிற்று. "ஜோஷ் மெஷின்" என்ற விளம்பரத்தை நேயர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். தந்தையார் அதனை ஒருநாளும் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஓட்டியதில்லை. ஞாயிறுதோறும் மாட்டுங்காவுக்குக் காய்கறியும் காப்பிப்பொடியும் வாங்கச் சென்று வருவதே அதன் பெரும்பணி. அவர் மறைந்த பின் ஆறாண்டுகள் அது பெரும்பாலும் துணிப்போர்வையின் கீழேயே கிடந்தது.

இளையவன் வந்தான்

நம் தம்பி புனாவில் இருக்கிறான். அவன் மகன் பொறியியல் படிப்பதற்காக இங்கே வந்து நம்மோடு தங்கினான். வந்த முதல் வாரமே போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இந்த எஞ்சினின் பெருமை உங்களுக்குத் தெரியாது. இதை இப்படியே தூங்க வைப்பது பாவம்" என்றான். நமக்கும் இளமையில் ஸ்கூட்டரைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் உண்டு. கை துறுதுறுத்தது. பெரியவரின் எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டிய நாமே, இளைஞனின் உற்சாகத்தில் கரைந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் ஆறு மாதங்களில் நாம் செய்த திருத்தங்கள் இவை. காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவான திறந்த வடிகட்டியைப் பூட்டினோம். பின்குழாயை அகலமாக்கி, அதிர ஒலிக்கும் சைலன்சரை வைத்தோம். முகப்பு விளக்குகளில் நூறு வாட் பல்புகளைச் செருகினோம். கார் தரையோடு தாழ்ந்து நின்றால் பந்தயக் கார்போல் தோன்றும் என்பதற்காக, நான்கு சுருள் வில்களிலும் ஒன்றரைச் சுற்றை அறுத்தெடுத்தோம். தாராவியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் வில்லை அறுக்கக் கொண்டு சென்றபோது, அவர் அதனைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். "அறுக்கச் சொன்னா அறுத்துத் தாரேன். ஆனா இது சரியில்ல தம்பி" என்றார். நாம் கேட்கவில்லை.

பலன் என்ன? ஓசை பெருகிற்று, வேகம் பெருகவில்லை. குடியிருப்பின் செயலாளர் இருமுறை வந்து, இரவு பத்து மணிக்குமேல் இந்த வண்டி உள்ளே வரும்போது குழந்தைகள் விழித்துக்கொள்கின்றன என்று பணிவாகவே சொல்லிச் சென்றார். எதிரே வரும் லாரிக்காரர்கள் நம் விளக்கைக் கண்டு வசை பாடினர். மேடுபள்ளங்களில் வில் தன் இருக்கையைவிட்டுத் துள்ளி 'டணார்' என்று விழுந்தது. எனினும், "பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது!" என்று நாமே நம்மை மெச்சிக்கொண்டோம்.

கண்டாலாவில் ஒரு மாலை

அடுத்த கோடையில் புனாவிலிருந்து நம் தாயாரை அழைத்துக்கொண்டு திரும்பினோம். ஓட்டியவன் இளையவன். நாம் அருகில் அமர்ந்திருந்தோம், தாயார் பின்னிருக்கையில். லோணாவாலா கடந்து, கண்டாலா மலைப்பாதையில் கோப்போலியை நோக்கி இறங்கத் தொடங்கினோம். பழைய சாலை, வளைவுகள் மிகுதி. இளையவன் நான்காம் கியரிலேயே வண்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினான். பாதி வழியில் கருகிய நாற்றம் ஒன்று எழுந்தது. அடுத்த வளைவில் அவன் முகம் வெளுத்தது. "பெரியப்பா, பெடல் தரையைத் தொடுகிறது. பிடிக்கவில்லை!"

அந்த நொடியில் நமக்குத் தோன்றியது ஒன்றே. "மூன்றாம் கியர்! பிறகு இரண்டு! எஞ்சினை அணைக்காதே!" என்று கத்தினோம். எஞ்சின் அலறிக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், அதன் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுத்துத் தளர்த்தினோம். மலைச்சுவர் ஓரமாக மண் மேடு ஒன்று தென்பட்டது. அதில் சக்கரத்தை ஏற்றி வண்டியை நிறுத்தினான். மறுபக்கம் பள்ளத்தாக்கு. மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பின்னிருந்து தாயார், "அப்பா ஓட்டும்போது இந்த வண்டி இப்படிச் செய்ததில்லையே" என்றார். கோபமே இல்லாத அந்தச் சொல், எந்த வசையைவிடவும் நம்மைச் சுட்டது.

அரைமணி நேரம் கழித்துப் பெடல் தானாகவே பழைய நிலைக்கு வந்தது. இரண்டாம் கியரில் ஊர்ந்து இறங்கி வீடு சேர்ந்தோம். அன்றிரவு உறங்காமல் எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

பிரேக் என்பது வேகத்தை மாயமாய் மறைப்பதன்று; அதனை வெப்பமாக மாற்றுவது. ஆட்களோடு சேர்ந்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார், அம்மலையில் சுமார் 550 மீட்டர் உயரம் இறங்குகிறதென்று வைத்துக்கொள்வோம். அதனால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 70 இலட்சம் ஜூல். அறை வெப்பத்திலிருக்கும் இருபது லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க அது போதும். நம் வீட்டுப் பெரிய அண்டாவில் வெந்நீர் போடும் நெருப்பத்தனையும் நான்கு சக்கரங்களுக்குள் மூட்டுகிறோம் என்று பொருள். எஞ்சினைக் கொண்டு வண்டியை அடக்கினால் அச்சுமையில் பெரும்பங்கை அது ஏற்கும். பிரேக்கை மட்டும் நம்பினால் முழுவதும் அதன்மேல் விழும்.

நம் பிழை இன்னொன்றும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' என்னும் தரத்து எண்ணெய், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வெப்பம் வரை கொதியாது. ஈரம் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். நம் காரில் இருந்ததோ தந்தையார் காலத்து எண்ணெய். ஆறாண்டுகளுக்கு மேல் மாற்றப்படாதது. மலையிறக்க வெப்பத்தில் அது கொதித்து ஆவியாயிற்று. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. ஆவியை அழுத்தினால் சுருங்கும். ஆகவே காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேரவில்லை. குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாயிற்று, பெடலும் மீண்டது. கைப்பிரேக் எண்ணெயின் துணையின்றிக் கம்பியால் இயங்குவது. ஆதலால் அது நம்மைக் காத்தது.

விளக்குக்கும் ஓசைக்கும் ஆயிரக்கணக்கில் செலவிட்ட நாம், சில நூறு ரூபாய் எண்ணெயை மறந்தோம். இதற்கு வேறு எவரையும் குறை கூற இடமில்லை.

வரிசை முக்கியம்

அதன்பின் நாமும் இளையவனும் ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதற்பக்கத்தில் இவ்வாறு எழுதினோம்: "முதலில் நிற்கட்டும்; பிறகு திரும்பட்டும்; அதன்பின் ஓடட்டும்." பழைய விரைவுக்காரைத் திருத்த விரும்புவோர் இவ்வரிசையை மாற்றலாகாது. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆக உயர்ந்தால், அது ஒன்றரை மடங்கே. ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

ஆகவே முதலில் பிரேக். முன்சக்கரத் தட்டுகளின் கனத்தை அளந்தோம். தட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு அவை தேய்ந்திருந்தன, மாற்றினோம். பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் சிறு உருளைகள் கசிந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். இருபதாண்டு பழகிய ரப்பர்க் குழாய்கள் அழுத்தத்தில் உப்பக்கூடும். ஆதலின் எஃகுப் பின்னல் போர்த்த குழாய்களைப் பொருத்தினோம். பிறகு எண்ணெய் மாற்றம். இது இருவர் வேலை. ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே குழாய் முனையைத் தளர்த்தி, பழைய எண்ணெயும் காற்றுக் குமிழும் போத்தலில் இறங்கியபின் மீண்டும் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகே காலை எடுக்கலாம். "அழுத்து, பிடி, விடு" என்று நாம் சொல்ல, அவன் செய்தான். இந்த எண்ணெய் வண்ணப்பூச்சை அரித்துவிடும். சிந்தினால் உடனே நீரால் கழுவுக. இரண்டாண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுக.

அடுத்து வில்லும் டயரும். அறுத்த வில்களை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் சென்றபோது அவர் சிரிக்கவில்லை, விளக்கினார். "சுத்து குறைஞ்சா வில்லு கெட்டியாகும். பழைய டாம்பர் அந்தக் கெட்டியை அடக்காது. அதோட வில்லு நீளம் குறைஞ்சதால, சக்கரம் குழியில தொங்கும்போது இடத்தைவிட்டு நகருது. ஒருநாள் வெளியே வந்துரும் தம்பி." அவர் சொன்னபடி முழு வில்களையும் அவற்றுக்கேற்ற புதிய டாம்பர்களையும் பொருத்தினோம். கார் முன்போல் நிமிர்ந்து நின்றது. வளைவில் முன்னைவிட நன்றாகவே திரும்பிற்று. தாழ்ந்து நிற்பது வேறு, தரையைப் பற்றி நிற்பது வேறு என்று அன்று கற்றோம். வில்லைப் பிரிக்கும்போது அதற்குரிய இறுக்கி இன்றி ஒருக்காலும் பிரிக்க வேண்டா. அழுத்தத்திலிருக்கும் வில் தெறித்தால் உயிரையே மாய்க்கும்.

டயரை அகலமாக்க விரும்புவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 175/65 ஆர் 14 என்று பொறித்த டயரில், 175 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. 14 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். இதன் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 185/60 ஆர் 14 போட்டால் விட்டம் 578 ஆகும். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வேகமானி பொய் சொல்லாது. ஆனால் 195/55 ஆர் 15 போட்டால் விட்டம் 595-ஐத் தாண்டும்; இரண்டு விழுக்காடு மிகை. வேகமானி குறைத்துக் காட்டும். சக்கரம் உட்சுவரில் உரசவும் கூடும். டயரின் பக்கத்தில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் நான்கிலக்கமாகப் பொறித்திருக்கும். 'புதிது' என்று சொல்லி விற்கப்படும் டயரின் வயதை அதில் பார்த்துக்கொள்க.

எஞ்சின் மூச்சு

இறுதியாகவே எஞ்சினுக்கு வந்தோம். பழைய காருக்குச் செய்யத்தக்க முதற் சக்தித் திருத்தம், அது இழந்த சக்தியை மீட்டுத் தருவதே. நான்கு உருளைகளிலும் அழுத்தத்தை அளந்தோம். அவை ஒன்றோடொன்று பத்து விழுக்காட்டுக்குள் ஒத்திருந்தன. எஞ்சினின் உடல் நலமாகவே இருந்தது. ஸ்பார்க் பிளக்குகள், வயர்கள், வெடித்துப்போன வெற்றிடக் குழாய்கள், குளிர்நீர், வயதால் உதிரத் தொடங்கிய பிளாஸ்டிக் இணைப்புகள் ஆகியவற்றை மாற்றியதும், நாம் முன்பு வாங்கிய எந்த அலங்காரப் பொருளும் தராத துடிப்பு திரும்பி வந்தது.

திறந்த கூம்பு வடிகட்டியை எடுத்துவிட்டுப் பழைய பெட்டியையே பூட்டினோம். காரணம் எளிது. மூடிய எஞ்சின் அறையில் காற்று சூடாக இருக்கும். 30 பாகைக் காற்றைவிட 60 பாகைக் காற்று ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் எரிவதற்குரிய பிராணவாயுவும் குறையும். கூம்பு வடிகட்டி ஓசையைத் தந்து சக்தியைத் தின்றது. பெட்டிக்கு முன்புறத்திலிருந்து குளிர்காற்று வருமாறு ஒரு குழாயை அமைத்தோம்; அதுவே நாம் செய்த மலிவானதும் பயனுள்ளதுமான திருத்தம். அகலமான பின்குழாயையும் கழற்றினோம். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகை வெளியேறும் விரைவு தளர்ந்து, நகர நெரிசலில் நமக்கு வேண்டிய கீழ்ச்சுழற்சி இழுவை குறைகிறது.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2025-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாயிற்று. எத்தனால் பழைய ரப்பரை இளக்கும் தன்மையது. இருபதாண்டுக் காரின் எரிபொருள் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நலம். எஞ்சினருகே பெட்ரோல் கசிவு என்பது விளையாட்டன்று.

விளக்கும் மின்சாரமும்

நூறு வாட் பல்பின் கதையையும் முடித்துவிடுவோம். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு சுமார் நாலரை ஆம்பியர் மின்னோட்டத்தையும், 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பப் பெருகுமாதலால், பழைய கம்பி மூன்று மடங்குக்கு மேல் சூடேறும். நம் காரில் சுவிட்சின் பின்புறம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்ததைக் கண்டோம். சட்டத்துக்குட்பட்ட பழைய அளவுப் பல்பையே மீண்டும் போட்டு, மின்கலத்திலிருந்து நேரே புதிய கம்பியும், உருகியும், ரிலேயும் அமைத்தோம். பழைய கம்பி வழியில் பத்து விழுக்காடு மின்னழுத்தம் வீணானால் ஒளியில் முப்பது விழுக்காடு குறைகிறது. அவ்விழப்பைத் தடுத்ததே போதுமாயிற்று. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமலே நம் வழி தெளிவாகத் தெரிந்தது.

சட்டம் சொல்வது

அன்பர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்து, பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்கள் மாறுபடும் வண்ணம் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எஞ்சின் மாற்றம், உடற்கட்டை அறுத்தல், புகைக் கட்டுப்பாட்டுக் கலத்தை நீக்குதல், ஊரைக் கூட்டும் ஓசைக்குழாய் ஆகியவற்றில் இறங்க வேண்டா. வண்ணத்தை மாற்றினாலும் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் ஏற்றிக்கொள்க. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவியாத மாற்றம், விபத்துக் காலத்தில் இழப்பீட்டைத் தடுக்கக்கூடும்.

சொந்தக் காரின் பதிவு முதலில் பதினைந்தாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். நம் கார் அச்சோதனைக்கு மீண்டும் சென்ற நாளில், அதிகாரி அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பழைய வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள்" என்று மராத்தியில் சொன்னார். இளையவன் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சி, அவன் தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய நாளிலும் நாம் கண்டதில்லை.

வேகம் வேண்டுவோர்க்கு இடம் உண்டு

இளைஞர்க்கு வேகத்தில் ஆசை எழுவது இயல்பு. அதனைக் குற்றம் என்று நாம் சொல்லோம். அதற்கு உரிய இடம் பொதுச்சாலை அன்று; பந்தயத் தடம். இத்துறையில் நம்மவர்க்கு நீண்ட மரபு உண்டு. சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடமே அமைந்தது. கோயம்புத்தூர்க் கரிவர்தன் என்பார் பந்தயத்தில் தாம் ஓட்டியதோடு நில்லாது, மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, அதிகப் பொருளில்லாத இளைஞரும் களமிறங்க வழி செய்தார். அவர் 1995-இல் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த காரை வருவித்துப் பெருமைப்படாமல், கைக்கெட்டிய எஞ்சினைக் கொண்டு அறிவால் வேகம் கண்ட அவரது வழி, வீட்டில் கார் திருத்துவோர்க்கும் நல்ல முன்மாதிரி. இளையவனை ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துச் சென்று பந்தயம் பார்க்க வைத்தோம். தலைக்கவசமும், தீயணைப்புக் கருவியும், மருத்துவ ஊர்தியும் காத்திருக்க அங்கே நடக்கும் வேகத்தைக் கண்டபின், நெடுஞ்சாலையில் பிறருடன் போட்டியிடும் எண்ணம் அவனை விட்டு அகன்றது.

உதிரிப் பொருளும் கைப்பழக்கமும்

மறைமலை நகரில் கார் செய்யும் பணி நின்றது என்பதை நேயர்கள் அறிவர். நிறுவனம் 2021 செப்டம்பரில் அதனை அறிவித்தது. 2022-இல் அத்தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கார் வெளிவந்தது. அச்செய்தி வந்த நாளில் தந்தையார் உயிரோடில்லை என்பது ஒருவகையில் நல்லதே என்று தாயார் சொன்னார். நம்மைப் போன்றோர் இனி உதிரிப் பொருளைத் தேடித் திரிய வேண்டியதாயிற்று. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் இளையவன் பல சனிக்கிழமைகளைக் கழித்தான். அங்கேயுள்ள உஸ்தாத் ஒருவர் அவனுக்குப் பழைய பொருளைத் தட்டிப் பார்த்துத் தரமறியக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கதவுக் கைப்பிடி, கண்ணாடி, இருக்கை போன்றவை பழையனவாயிருக்கலாம், பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றுக்குரியன புதியனவாகவே இருத்தல் வேண்டும்.

வீட்டில் வேலை செய்வோர்க்கு இன்னும் இரண்டு சொற்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருக்காலும் நுழைய வேண்டா. உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்தியபின், ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டே குனிக. சக்கரத் திருகாணிகளை உரிய அளவுக்கு இறுக்கும் அளவுச் சாவியை வாங்குக. எத்திருத்தம் செய்தாலும் நாள், பொருள், அளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. ஒரே சமயத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் நன்மை எதனால், தீமை எதனால் என்று அறிய முடியாது. நம் குறிப்பேட்டில் இப்போது எண்பது பக்கங்கள் நிறைந்துள்ளன. அதில் முதல் ஆறு மாதத்துப் பிழைகளையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றோம்.

சென்ற தைமாதத்தில் மீண்டும் புனா சென்று வந்தோம். தாயாரிடம், "பஸ்ஸில் வருகிறீர்களா அம்மா?" என்று நாமே கேட்டோம். "எதற்கு? பிள்ளை சரி செய்துவிட்டானே" என்று சொல்லிப் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். கண்டாலா வந்ததும் இளையவன் நாம் சொல்லாமலே மூன்றாம் கியருக்கும், பிறகு இரண்டாம் கியருக்கும் மாற்றினான். எஞ்சின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு வண்டியைத் தாங்கிற்று. பிரேக்கை அவன் தொட்டது சில முறைகளே. தொட்டபோதெல்லாம் அது பிடித்தது. முன்பு நின்ற மண்மேட்டைக் கடந்தபோது, நாமும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பிப் பார்த்தோம். தாயார் சன்னலில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார்.

எத்தனை குதிரைத்திறன் கூடிற்று என்று சிலர் நம்மைக் கேட்பதுண்டு. அதை நாம் அளக்கவில்லை. மலையிறக்கத்தில் எண்பது வயது மூதாட்டி ஒருவர் அச்சமின்றி உறங்கினார் என்பதையே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தோம். பழைய காரைத் திருத்தப் புகும் அன்பர்கள் தம் திருத்தத்தையும் அவ்வாறே அளந்து பார்ப்பாராக.